நடிப்பன்று, நோயே!

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே ஒரு பெண் சாய்ந்து விழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கைகால்கள் உதறுகின்றன, கண்கள் இறுக மூடியிருக்கின்றன. ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறார். இன்னொருவர் கோடாங்கியை அழைக்க ஓடுகிறார். "எல்லாம் நடிப்பு" என்று முணுமுணுக்கிறார் வேறொருவர். மூவரும் தவறிழைக்கின்றனர் என்போம்.

காக்காய் வலிப்பு, மூளையின் மின்னோட்டம் நிலைகுலைவதால் வருவது. மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த விவரத்தை ஜெர்மானிய வைத்தியர் ஹான்ஸ் பேர்கர் 1929ஆம் ஆண்டு வெளியிட்டார். இன்று நோயாளி துடிக்கும் காட்சியையும் அவ்வலைகளையும் ஒருங்கே பதிந்து பார்க்கின்றனர். சிலருக்கு உடல் துடித்தும் அலைகளில் வலிப்பின் குறி தோன்றுவதில்லை. மனம் தாங்கவியலாததை உடல் ஏற்று நடுங்குகிறது. இதனை அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை.

இத்தகையோரின் குணந்தான் என்ன? முன்னாளில் 'ஹிஸ்டீரியா' என்று பெயரிட்டு, பிறர் கவனத்தை நாடுவோர் எனப் பலரும் ஒதுக்கினர். ஆராய்ச்சிகளோ, இவர்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவரல்லர் என்கின்றன. சிலர் உணர்ச்சி வேகம் மிக்கவர். சிலர் அஞ்சி ஒதுங்குபவர். சிலர் எல்லாம் ஒழுங்காயிருக்க வேண்டுமெனத் தம்மையே வருத்துபவர். எளிதில் கவலைக்கு ஆளாவதும், உள்ளத்தில் எழும் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லத் தெரியாமையும் பலரிடம் உண்டு. இளமையில் கொடுந்துன்பம் கண்டோரும் பலர், எல்லோரும் அல்லர். பெண்களே அதிகம், ஆண்களும் இல்லாமலில்லை.

"பொறுத்துப் போ" என்பதே நம் வீடுகளில் பெண்ணுக்குக் கற்பிக்கும் முதற்பாடம். ஒரே காம்பிராவில் குடும்பமே வாழும் லயத்தில், தனித்து அழவும் இடமேது? சொல்லப்படாத துயரம் வேறு வழி தேடுவதில் வியப்பில்லை.

வலிப்பு மாத்திரைகள் இதற்குப் பயன்படா. எனினும் சிலருக்கு இருவகையும் சேர்ந்திருக்குமாதலால், வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது. பேச்சின் வழியே மனத்தை ஆற்றும் சிகிச்சையே உகந்தது. பிரித்தானியாவில் 368 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2020இல் வெளியாயிற்று: இச்சிகிச்சையால் வலிப்பின் எண்ணிக்கை தெளிவாகக் குறையவில்லை; ஆயினும் அன்றாட வாழ்வு பலருக்கு இலகுவாயிற்று.

விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலிருப்போம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். முதல் முறையாயினும், ஐந்து நிமிடம் கடந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம். அவள் கண் விழிக்கும்போது, "ஏன் நடித்தாய்?" என்று கேளாமல், "மனசில் என்னம்மா கஷ்டம்?" என்று கேட்போமாக.