குழாய் நீர் பின்னோக்கி ஓடும்போது

கிள்ளையில் வாழ்பவர்களுக்கு நீர் இரு திசையிலும் ஓடும் என்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஓதம் ஏறும்போது கடல்நீர் பிச்சாவரத்துக் கழிகளுக்குள் புகுவதையும், வடியும்போது அது வெளியேறுவதையும் நாள்தோறும் காண்கிறோம். அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு நீர் நகரும். இதே விதி நம் வீட்டுக் குழாய்க்கும் பொருந்தும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

நோயாளி வீடு திரும்பும் நாளில் மாத்திரை வேளை, பத்தியம், மறுபரிசோதனை நாள் ஆகிய அனைத்தையும் குடும்பத்தார் கவனமாகக் கேட்டுக்கொள்கின்றனர். தண்ணீரைப் பற்றிய பேச்சு மட்டும் "கொதிக்க வைத்துக் கொடுங்கள்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த அறிவுரை சரியானதே. ஆயினும் அது போதாது என்பது எங்கள் கருத்து. அந்த நீர் எந்த வழியாக வீட்டிற்குள் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பீப்பாயிலிருந்து ரப்பர் குழாய் வழியே டீசலை உறிஞ்சி இறக்குவதைப் படகு வைத்திருப்போர் அறிவர். தெருக்குழாயில் நீர் நிற்கும்போதும் இதே செயல் நடக்கிறது. தாழ்வான வீடுகளின் குழாய்கள் வழியே நீர் வடிய, எஞ்சிய குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. அவ்வேளையில் துணி ஊறும் வாளியிலோ, மாட்டுத் தொட்டியிலோ, பூச்சிமருந்து தெளிப்பானிலோ ரப்பர் குழாயின் முனை மூழ்கியிருந்தால், அந்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் இழுக்கப்படும். கழிவறையில் கைக்குழாயைக் கோப்பைக்குள் விழும்படி விட்டுவைப்பதிலும் இதே ஆபத்து உண்டு.

இது வெறும் அச்சமன்று. 1955ஆம் ஆண்டு இறுதியில் தில்லியில், நஜப்கர் வடிகாலின் கழிவுநீர் யமுனையில் பின்னோக்கிப் பரவி, வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது. ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டனர். கருவுற்ற பெண்களிடையே உயிரிழப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. குளோரினைக் கூட்டிச் சேர்த்தும் நோய்க்கிருமி தப்பிவிட்டது. அது இன்று ஹெப்படைடிஸ் இ எனப்படும் வைரஸ் என்பது பின்னாளில் தெரியவந்தது. அதற்கு முன்பே, 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது, இரு விடுதிகளில் கழிவுநீரும் குடிநீரும் கலக்க நேர்ந்த குழாய்க் குறைபாடுகளால் அமீபா சீதபேதி பரவியது. 98 பேர் உயிரிழந்தனர். முன்னது ஆற்றில் நேர்ந்தது, பின்னது கட்டடத்திற்குள் நேர்ந்தது. நீர் வரக்கூடாத திசையிலிருந்து வந்ததே இரண்டிற்கும் காரணம்.

நம் ஊர்களில் இந்த ஆபத்தைப் பெருக்குவது தெருக்குழாயில் நேரடியாகப் பொருத்தப்படும் மோட்டார். அது குடிநீரை மட்டும் உறிஞ்சுவதில்லை. சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடை நீரையும் சேர்த்து உறிஞ்சுகிறது. அந்த நீர் மோட்டார் வைத்த வீட்டிற்கு மட்டும் செல்லும் என்று சொல்ல முடியாது. அடுத்த வீட்டில் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பியவரின் குவளைக்கும், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவரின் குவளைக்கும், கர்ப்பிணியின் குவளைக்கும் அது செல்லக்கூடும். ஆகவே இதை ஒரு வீட்டின் வசதிக்கான செயலாக மட்டும் கருத எங்களால் இயலவில்லை.

"குழாயில் நீர் நூலாக வருகிறது, மோட்டார் இல்லாமல் எப்படி?" என்று கேட்பவரின் இடர்ப்பாடு உண்மையானது. அதற்கு வழியும் உண்டு. தெருக்குழாய் நீர் தானாகவே தரைத்தொட்டியில் விழட்டும். அத்தொட்டியிலிருந்து மோட்டார் மேல்தொட்டிக்கு ஏற்றட்டும். இதனால் மோட்டாரின் உறிஞ்சல் தெருக்குழாயைத் தொடாது.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டாரும் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டுகிறோம். குழாயின் வாய்க்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையே குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி இருக்க வேண்டும். எவ்வாறாயினும் அது ஓர் அங்குலத்திற்குக் குறையலாகாது. ரப்பர் குழாயின் முனையை எந்த நீரிலும் மூழ்க விடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுக் குழாயையும் பேரூராட்சிக் குடிநீர்க் குழாயையும் ஒரு வால்வை நம்பி இணைக்காதீர்கள். இரண்டும் தனித்தனியே செல்லட்டும். பிளம்பரிடம் கேட்டு, பின்னோட்டத்தைத் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வைப் பொருத்திக்கொள்ளுங்கள். ஆனால் வால்வு தேய்ந்து பழுதாகும். காற்று இடைவெளி பழுதாவதில்லை. எனவே இடைவெளியே முதன்மையான காப்பு.

தரைத்தொட்டியின் மூடி தரைமட்டத்திற்கு மேல் உயர்ந்து, இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் கரையோரக் கிணறுகள் உவர்த்ததையும், 2015 மழையில் கடலூர் மாவட்டம் மூழ்கியதையும் கண்டவர்கள் நாம். தொட்டிக்குள் வெள்ளநீர் புகுந்திருந்தால், அதை முழுவதும் இறைத்து, கழுவி, குளோரின் இட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

நீர் கலங்கியோ நாற்றத்துடனோ வந்தால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் கூடாது. பேரூராட்சிக்கு உடனே தெரிவியுங்கள். கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும். பூச்சிமருந்தையோ உப்பையோ அகற்றாது. வீட்டில் இருவருக்கு ஒரே வேளையில் வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ கண்டால், மருத்துவரிடம் உணவைப் பற்றி மட்டுமன்றித் தண்ணீரைப் பற்றியும் சொல்லுங்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளியை வீட்டிற்கு அனுப்பும்போது குடிநீர்க் குழாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மருந்துச் சீட்டில் எழுதும் மாத்திரையை நோயாளி விழுங்கப்போவது அந்தக் குழாய் நீரில்தான்.