யூதர் விதியும் சைவர் கிரியையும்



யூதரது பழைய சமயவிதி அகத்தன்பின்றிப் புறத்தே சுமக்கப்பட்ட பாரமென்றும், உயிரற்ற சடங்கென்றும் கூறுவார் பலர். பேத்துப்பாறை மலையில் ஒதுங்கி வாழும் எம்மிடம் போந்த சைவ அன்பர் ஒருவரும் அங்ஙனமே உரைத்து, "நம் கிரியை அத்தகையதன்று" என மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி ஆராயாமையின் பாற்பட்டதென்பதை ஈண்டு விளக்குவாம்.

முதற்கண் சொல்லை நோக்குக. தோரா என்னும் எபிரேயச் சொற்குப் போதனை என்பதே பொருள். கிரேக்கத்திற் பெயர்த்தோர் அதனைச் சட்டமென்னுஞ் சொல்லாற் குறித்தனர்; தமிழ் விவிலியம் நியாயப்பிரமாணம் என்றது. ஆசிரியன் உபதேசம் அரசன் ஆணையாயிற்று.

இனிப் பொருளை நோக்குக. அவர் மரபில் விதிகள் 613. செய்க என்பன 248, செய்யற்க என்பன 365. அறுவடையில் வயலின் ஓரத்தை எளியார்க்கு விடுக என்பதும் அவற்றுள் ஒன்று. ஓய்வுநாளில் 39 வகைத் தொழிலை விலக்கிய அவ்வறிஞரே, ஓருயிரைக் காத்தற்பொருட்டு அவ்விலக்கை மீறுதல் கடனென்றும் வகுத்தனர். அன்பிலார் இங்ஙனம் வகுப்பரோ?

"ஆலயத்தில் உயிர்ப்பலியிட்டனரே" எனின், ஆம். அது சைவர்க்கு உடன்பாடன்று. ஆயினும் கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின் பலி ஒழிந்தது; அதற்கீடாகக் காலை மாலை வழிபாடு நிலைபெற்றது. உயிரற்ற சடங்காயின் ஆலயத்தோடு மடிந்திருத்தல் வேண்டும், மடிந்திலது.

பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், 1854இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டார். அவ்வாலயத்தில் விளக்கும் தூபமும் அப்பப்படைப்பும் இறைவன் விதித்தனவாயின், சிவபூசையைப் பழித்தல் எங்ஙனம் பொருந்துமென வினவினார். 'அவை வரவிருந்ததன் நிழல். இப்பொழுது கழிந்தன' என்பது எதிரிகள் தப்பும் வழி. யூதர்விதி செத்ததென்னும் சைவன், அவர்க்கு அவ்வழியைத் திறந்துவிட்டு, நாவலர் நட்ட வேலியைத் தானே பிடுங்குகின்றான்.

சரியையும் கிரியையும் ஞானத்திற்கு வாயிலெனக் கொள்ளும் நாம், பிறர் விதியை அதனை ஒழுகுவார் கூற்றால் அறிதல் வேண்டும். அதனைப் பழிப்பார் கூற்றால் அறிதல் தகாது. சிவலிங்க வழிபாட்டைக் கல்வணக்கமென்பார்க்கு நாம் இறுக்கும் விடையும் இதுவேயன்றோ?

திருச்சிற்றம்பலம்.