பேர் மாறிப்போன திராட்சை

எங்க பி.காம் பாடத்துல 'குட்வில்' என்று ஒரு தலைப்பு உண்டு. ஒரு பெயருக்கு உள்ள மதிப்பையே சொத்தாகக் கணக்கில் எழுதுவது. அதுக்கு நான் கொடுக்கும் உதாரணம் சிலி நாட்டுக் கார்மெனேர் திராட்சை. (குடிச்சுப் பாத்தியான்னு யாரும் கேக்காதீங்க, இதை எங்கப்பாவும் படிப்பார் :-))

பிரான்சில் போர்தோ பகுதியில் இருந்த சிவப்பு ஒயின் திராட்சை இது. 19ஆம் நூற்றாண்டில் பிலாக்செரா என்ற பூச்சி அங்கே கொடிகளை அழித்தது. திரும்ப நட்டபோது கார்மெனேரை அநேகமாகக் கைவிட்டுவிட்டார்கள். பூ உதிர்ந்து, காய் சரியாகப் பிடிக்காத ரகம். ஆனால் அதற்கு முன்பே சிலிக்குப் போன குச்சிகளில் இதுவும் மெர்லோவோடு கலந்து போயிருந்தது. அங்கே இரண்டுக்கும் ஒரே பேர், மெர்லோ. 1994 நவம்பர் 24 அன்று மைப்போ பள்ளத்தாக்கில் கார்மென் நிறுவனத்தின் தோட்டத்துக்கு வந்த பிரெஞ்சு நிபுணர் ழான்-மிஷேல் பூர்சிகோ, கொடியைப் பார்த்து இது மெர்லோ இல்லை என்றார்.

பேர்ல என்னப்பா இருக்கு என்று கேட்டால் நான் ஒத்துக்க மாட்டேன். கார்மெனேர் மெர்லோவை விட மூன்று, நான்கு வாரம் பிந்திப் பழுக்கும். ஒரே பேர் என்பதால் ஒரே நாளில் பறித்தால் அது பாதிக் காய். ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசனை தூக்கும். 'சிலி மெர்லோன்னா இப்படித்தான்' என்று வாங்கியவர்கள் முடிவு கட்டினார்கள். பாவம், தப்பு திராட்சை மேல இல்லை, பறித்த தேதி மேல.

தெரிந்த பேர் வைத்தால்தானே விற்கும் என்பார்கள். விற்கும், கொஞ்ச நாளைக்கு. 2004இல் 'சைட்வேஸ்' படத்தில் ஹீரோ மெர்லோவைத் திட்டப்போக, அமெரிக்காவில் அந்தப் பேரே கேலிப்பொருளானது. இரவல் பேரில் கடை நடத்தினால் அதன் கடனும் நம்ம தலையில்தான். பக்கத்து அர்ஜென்டினாவைப் பாருங்க. மால்பெக்கும் பிரான்சிலிருந்து வந்ததுதான், ஆனால் அந்தப் பேரைச் சொன்னாலே இன்று அர்ஜென்டினாதான் ஞாபகம் வருகிறது.

சிலிக்கு அந்தத் துணிச்சல் மெதுவாகத்தான் வந்தது. 1996இல் கார்மென் வெளியிட்ட ஒயினில் 'கிராண்ட் விதூர்' என்று இன்னொரு பழைய பேரைப் போட்டார்கள். கார்மெனேர் என்ற பேருக்கு அரசு அங்கீகாரம் 1998இல்தான்.

சீனாவில் 'கபர்னே கெர்னிஷ்ட்' என்று விளைவதும் இதேதான் என்று மரபணு சோதனை சொல்லிவிட்டது. அங்கே பாட்டிலில் இன்னும் பழைய பேர்தான் ஒட்டுகிறார்கள்.