மூடி வைத்த ஜெனரேட்டர்



2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளுக்கென்று வாங்கும் ஜெனரேட்டரைத்தான் பலர் மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி மறந்துவிடுகிறார்கள்.

பிறகு கிளம்பாத ஜெனரேட்டரில் மெக்கானிக் முதலில் கழற்றுவது கார்புரேட்டரை. மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி ஜெட்டின் நுண்துளையை அடைத்துவிடும். அதில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு எடுத்துவைத்தால் மெக்கானிக் செலவு பெரும்பாலும் மிச்சம். மாதம் ஒருமுறை ஃபிரிட்ஜை இணைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

வராந்தாவில் வைத்து ஓட்டவே கூடாது. புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு பிளக்கில் சொருகினால், மின்சாரம் வெளிக் கம்பிக்கும் பாய்ந்து, கம்பத்தில் ஏறியிருக்கும் மின் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. ஜெனரேட்டரை விற்கும்போதே கடைக்காரர்கள் இதைச் சொல்லலாமே!

– ஒரு வாசகர், மன்னார்குடி