தூங்காதவரைப் பாராட்டும் ஊர்

திருப்பூரில் இரவெல்லாம் கண்விழித்து வேலை பார்ப்பவரைக் கண்டு எவரும் கவலை கொள்வதில்லை. “ஆள் கெட்டிக்காரர், சீக்கிரம் தனியாகக் கம்பெனி வைத்துவிடுவார்” என்பார்கள். டெய்லராக நுழைந்து முதலாளியானவர்கள் உள்ள ஊர். அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால், பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு உடையவருக்கு இந்தப் பாராட்டு ஆபத்தானது. மூன்று மணிநேரத் தூக்கமே போதும் என்று தோன்றுவது, பேச்சு வேகமெடுப்பது, கையில் காசில்லாமலே பத்துத் தையல் இயந்திரங்களுக்குக் கடன் பேசுவது எல்லாம் மிகையெழுச்சியின் தொடக்க அறிகுறிகளாக இருக்கலாம். பனியன் கம்பெனியில் அவை உழைப்பாகவே தெரியும். பின்னர் அவர் மனச்சோர்வில் முடங்கும்போது, அதற்குச் சோம்பல் என்று பெயர்.

இந்நோயுடன் பல ஆண்டுகளாக இவ்வூரில் வாழ்பவன் நான். மாத்திரை, குறித்த நேரத்தில் உணவு, பத்து மணிக்கு விளக்கணைப்பு, வீட்டாரிடம் சொல்லாமல் பெருந்தொகை எடுக்காதிருத்தல் என்று என் நாட்கள் எளிமையானவை. அமெரிக்க உளவியலாளர் எலன் ஃபிராங்க் அன்றாட நேர ஒழுங்கையே சிகிச்சையின் அடிப்படையாக வகுத்தவர். நேரம் என் கையில் இருப்பதால் எனக்கு இது இயல்கிறது. கப்பல் தேதி நெருங்கும்போது ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தொழிலாளிக்கு அப்படியல்ல.

12 மணிநேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. இங்கோ ‘ஒன்றரை ஷிப்ட்’ என்ற பெயரில் அந்த 12 மணிநேரம் அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மருந்திலும் சிக்கல் உண்டு. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அறிமுகப்படுத்திய லித்தியம் இன்றும் முதன்மையான மருந்து. ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் அளவு ஏறி நஞ்சாகலாம். அயர்னிங் மேசையின் வெக்கையில் நிற்பவருக்கு இதை யார் சொல்வது? சிலருக்கு லேசான கைநடுக்கமும் வரும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு நடுங்கும் கை என்பது குறைந்த கூலி. பலர் மருந்தை நிறுத்துவதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன்.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகைக்கான பட்டியலில் இந்நோய் அதன் பழைய பெயரில் இருக்கிறது. தகுதியுள்ளவருக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாகக் காப்பீட்டுக்குள் பணியாற்றியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் கம்பெனியும் மாறும் தொழிலாளிக்கு அந்தத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்? அதோடு, இந்தப் பணம் விழுந்த பிறகுதான் வருகிறது. விழாமல் இருக்கத் தேவையான தூக்கத்துக்கு எந்த ஏற்பாடும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்திருக்கிறது. எனினும், பணியிடத்தில் உரிய வசதி செய்து தரும் கடமையை அதன் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்கள்மீது மட்டுமே சுமத்துகிறது.

மருத்துவர் சான்றளித்தால் இரவு வேலையிலிருந்து விலக்கு, ரத்தப் பரிசோதனைக்குச் சம்பளத்துடன் அரைநாள். ஏற்றுமதி நிறுவனங்களைத் தணிக்கை செய்ய வருபவர்கள் தீயணைப்புக் கருவியையும் முதலுதவிப் பெட்டியையும் சரிபார்க்கிறார்கள். அந்தப் படிவத்தில் இந்த இரண்டுக்கும் இடம் ஒதுக்கும்படி வெளிநாட்டுக் கொள்முதலாளர்களிடம் தொழிற்சங்கங்கள் இப்போதே கேட்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.