சர்வீஸுக்கு விட்ட காரில் சேதமா? 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று சொன்னால் விட்டுவிடணுமா?

காலையில் காரை சர்வீஸுக்கு விட்டீங்க. சாயங்காலம் வாட்டர் வாஷ் எல்லாம் பண்ணி, பளபளன்னு கையில் கொடுத்தாங்க. பில்லைக் கட்டி, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்தாச்சு. மறுநாள் பார்த்தால் பார்க்கிங் தரையில் ஆயில் கறை. இல்லைன்னா, பின் கதவில் முந்தாநாள் வரை இல்லாத ஒரு நீளக் கோடு. போன் பண்ணினால் பெரும்பாலும் வரும் முதல் பதில், "சார், அது வண்டி வரும்போதே இருந்திருக்கும்."

சண்டை முழுக்க இந்த ஒரு வரியில்தான் இருக்கு. சேதம் இருப்பதை யாரும் மறுப்பதில்லை. யார் கையில் இருந்தபோது வந்தது என்பதுதான் கேள்வி. லோன் போட்டு, மாசா மாசம் இ.எம்.ஐ கட்டி ஓட்டுற காருக்கு இந்தக் கேள்வியின் பதில் சில ஆயிரங்களிலிருந்து லட்சங்கள் வரை விலை வைக்கும்.

ஏன் இப்படி நடக்குது?

சர்வீஸில் வரும் சேதங்களில் பல, சின்ன வேலையின் அவசரத்தில் வருபவை. ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும். சொட்டுச் சொட்டாக ஆயில் கசியும். சரியாக இறுக்காமல் விட்டால், ஓடும் வழியிலேயே ஆயில் காலியாகி இன்ஜினே சீஸ் ஆகலாம். ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்தால் அடிப்பகுதி நசுங்கும். எலெக்ட்ரிக் கார் என்றால் அங்கேதான் பேட்டரியே இருக்கு. மண் போகாமல் அழுக்குத் துணியில் துடைத்தால் பெயின்ட் முழுக்க வட்ட வட்டக் கீறல்.

கார் விற்பதைவிட சர்வீஸில்தான் டீலருக்கு நிம்மதியான லாபம். அதனால் ஒரு நாளில் எத்தனை வண்டி, ஒவ்வொரு வண்டியிலும் எவ்வளவு கூடுதல் வேலை என்று சர்வீஸ் அட்வைசருக்கு அழுத்தம். டெலிவரியின்போது "கம்பெனியில இருந்து கால் வரும், பத்துக்குப் பத்து கொடுத்துடுங்க சார்" என்று கெஞ்சுவதும் அதே அழுத்தம்தான்.

'ஓனர்ஸ் ரிஸ்க்' எவ்வளவு தூரம் செல்லும்?

ஜாப் கார்டின் கீழே பொடி எழுத்தில் 'வாகனம் உரிமையாளர் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது, ஓட்டப்படுகிறது' என்பது போல ஒரு வரி இருக்கும். அதைக் காட்டினதும் பலர் அமைதியாகிவிடுகிறோம். அவ்வளவு சீக்கிரம் அமைதியாக வேண்டியதில்லை.

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151 என்ன சொல்லுது? நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை, ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும். டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் 1998-ல் ஊழியரிடம் சாவி கொடுத்து விட்ட ஒரு மாருதி ஜென் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதே அடிப்படையில்தான் தீர்ப்பு சொன்னது. பார்க்கிங் சீட்டில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்திருந்தாலும், தன் ஊழியரின் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் நழுவ முடியாது. அலட்சியம் இல்லை என்று விளக்க வேண்டிய கடமை முதலில் ஹோட்டலுடையது என்றது.

அது ஹோட்டல் வழக்கு. ஆனால், சாவி கைமாறும்போது பொறுப்பும் கைமாறுகிறது என்ற வாதத்தை சர்வீஸ் சென்டரிடமும் தாராளமாக வைக்கலாம்.

கம்பெனி மேல கேஸ் போட்டா?

எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் கார் கம்பெனியை டேக் செய்வது நம் முதல் ஆயுதம். சில நேரம் வேலை செய்யும். ஆனால் டீலர் என்பது பொதுவாகத் தனி நிறுவனம். 2021-ல், பழைய மாடல் காரைப் புதுசு என்று கோவா டீலர் ஒருவர் விற்ற வழக்கில், டாடா மோட்டார்ஸைப் பொறுப்பாக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. டீலரின் தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்காமல், டீலர் என்பதாலேயே கம்பெனியை இழுக்க முடியாது என்பது சாராம்சம். அதனால் கம்பெனிக்கு மெயில் அனுப்புங்க. ஆனால் புகாரின் முதல் முகவரி டீலராகவே இருக்கட்டும்.

"இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாம் சார்!"

உதவி மாதிரி வரும் இந்த வார்த்தையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கிளெய்ம் உங்கள் பாலிசியில் போனால், உங்கள் 'நோ கிளெய்ம் போனஸ்' போச்சு. கிளெய்மே இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவிகிதத்தில் தொடங்கி, ஐந்து வருஷத்தில் 50 சதவிகிதம் வரை ஏறும் தள்ளுபடி அது. கூடவே, 'நான் ஓட்டும்போது இடிச்சது' என்று படிவத்தில் எழுதச் சொன்னால், பொய்த் தகவலுக்குக் கையெழுத்துப் போடுவது நீங்கதான். தங்கள் பொறுப்பில் இருக்கும் வண்டிகளுக்கு சர்வீஸ் சென்டர்களே எடுத்துக்கொள்ளும் பாலிசிகள் இருக்கு. "உங்க பாலிசியில போடுங்க" என்று சொல்லுங்க.

சாவி கொடுக்கும் முன் ஐந்து நிமிடம்

பிரச்னை வந்த பிறகு தேடும் ஆதாரம் எல்லாம் இந்த நேரத்தில்தான் உருவாகுது.

* காரைச் சுற்றி ஒரே ஷாட்டில் வீடியோ. நான்கு வீல், பம்பர் ஓரங்கள், கண்ணாடி, கூரை. அட்வைசர் பக்கத்தில் நிற்கும்போதே எடுங்க.
* இன்ஜின் ஓடும்போது டேஷ்போர்டு போட்டோ: கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, எரியும் எச்சரிக்கை விளக்குகள்.
* ஜாப் கார்டில் ஏற்கெனவே உள்ள கீறல்களைக் குறிக்கச் சொல்லுங்க. இல்லை என்றால் 'இல்லை' என்று எழுதச் சொல்லுங்க. ஒரு நகல் கையில் இருக்கட்டும்.
* திரும்ப எடுக்கும்போது, 'வேலை திருப்தி' என்ற இடத்தில் வண்டியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க. இருட்டிவிட்டால், 'வெளிச்சம் இல்லாததால் முழுதாகச் சரிபார்க்கவில்லை' என்று எழுதிப் போடலாம்.

சேதம் தெரிந்த பிறகு?

ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால், "சர்வீஸ் சென்டர் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாம்" என்று நினைக்காதீங்க. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்து, டோ செய்யுங்க. அதற்கு மேல் ஓட்டினால் இன்ஜின் போவதோடு, 'தெரிந்தே ஓட்டினார்' என்று தப்பு உங்கள் பக்கம் திரும்பும்.

அன்றைக்கே போட்டோ, வீடியோவுடன் டீலருக்கு மெயில் அனுப்புங்க. போனில் பேசினால், பேசியதைச் சுருக்கி மெயிலாகவும் போடுங்க. சேதமான பாகத்தைக் கழற்றும் முன், வேறொரு சர்வீஸ் சென்டரில் காரணத்தை எழுத்தில் வாங்குவது நல்லது. கழற்றி, மாற்றி, பழைய பாகமும் குப்பைக்குப் போய்விட்டால் எதை வைத்து நிரூபிப்பது?

அங்கே நகரவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். மதுரையில் சர்வீஸுக்கு விட்டு, சென்னையில் வேலை பார்ப்பவர் சென்னையிலேயே போடலாம். சர்வீஸுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் போனிலிருந்தே பதிவு செய்யலாம். கால வரம்பு இரண்டு வருஷம். மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்கணும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும். அதனால்தான் பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். டீலரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

வாரன்டி பயம்

"அப்போ வெளியே மெக்கானிக்கிடம் விடலாமே?" விட்டால் வாரன்டி போய்விடும் என்ற பயம்தான், மோசமான சர்வீஸ் சென்டருக்கும் நம்மைத் திரும்பத் திரும்ப அனுப்புது. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுது நீக்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே வேலை பார்த்தார் என்பதற்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'பழுது பார்க்கும் உரிமை' தளத்தில் ஆட்டோமொபைலும் ஒரு பிரிவு. ஆனாலும் வாரன்டி காலத்தில் வெளியே போகும் தைரியம் இன்னும் நமக்கு வரவில்லை.

அதே கம்பெனியின் வேறொரு டீலரிடம் போவதற்கு அந்தத் தைரியம்கூட தேவையில்லை. வாரன்டி காரோடு வருவது. வாங்கிய ஷோரூமோடு அதைக் கட்டிப்போடவில்லை.

கடைசியாக ஒண்ணு. கோபத்தில் கத்துவதாக இருந்தால், லிஃப்ட்டுக்குக் கீழே கிரீஸ் கையோடு நிற்கும் பையனிடம் கத்தாதீங்க. ஒரு வண்டிக்கு எவ்வளவு நேரம் என்று முடிவு பண்ணுவது அவன் இல்லை. மேனேஜர் கேபின் கதவைத் தட்டுங்க, ஜாப் கார்டு நகலோடு.