கைதட்டினோம், பூ தூவினோம்... சிஸ்டர்களின் மனசைக் கேட்டோமா?

2022 கடைசியில் சீனாவில் கொரோனா மறுபடி தலைதூக்கியது. அலமாரியில் கிடந்த மாஸ்க்கைத் தேடி எடுத்தோம். ஆனா, 2020-லும் 2021-லும் நமக்காக ஐசியூவில் நின்ற நர்ஸுகள் இப்போ எப்படி இருக்காங்கன்னு யோசிச்சீங்களா?

நாகர்கோவில்காரங்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கொரோனா வார்டு மறந்திருக்காது. கொரோனா ஐசியூக்களில் பெரும்பாலும் உறவினர்களுக்கு அனுமதியில்லை. இறந்துபோன பலர் கடைசியாகப் பார்த்தது ஒரு சிஸ்டரைத்தான். அந்த சிஸ்டரோ தண்ணீர் குடிக்காம, பாத்ரூம் போகாம, கவச உடைக்குள் மணிக்கணக்கில் நின்றவர். வீட்டுக்குப் போனாலும் பிள்ளையைத் தொடப் பயம்.

இதன் பாதிப்பு சாதாரணமில்லை. சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 பணியாளர்களிடம் நடந்த ஆய்வு, 2020-ல் 'ஜாமா நெட்வொர்க் ஓப்பன்' இதழில் வந்தது. பாதிப்பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள். 34 சதவிகிதம் பேருக்குத் தூக்கமின்மை. நர்ஸுகளிடம் பாதிப்பு இன்னும் அதிகம்.

அப்போ கவுன்சலிங் கொடுத்தா போதுமா? சீனாவின் சாங்ஷா நகர மருத்துவமனை ஒன்றில் அதைத்தான் செய்தாங்க. நர்ஸுகள் பலர் மறுத்துட்டாங்க. 'எங்களுக்கு வேண்டியது ஓய்வும் பாதுகாப்பு உபகரணங்களும்'னு சொன்னாங்க. நிர்வாகம் ஓய்வறையும் சாப்பாடும் ஏற்பாடு செய்தது. ஆலோசகர்கள் அந்த ஓய்வறைக்கே போய், அவங்க பேசுறதைக் கேட்டாங்க.

நம்ம ஊரில் இன்னொரு கவலையும் உண்டு: வேலை. கொரோனா காலத்தில் தமிழக அரசு ஒப்பந்தத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட நர்ஸுகளின் பணி, 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. மாற்றுப் பணி தரப்படும்னு அப்போ அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியன் சொன்னார். நிரந்தரம் கேட்டு நர்ஸுகள் போராடினாங்க. நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாதவரிடம் 'மனசை லேசா வெச்சுக்கோங்க'ன்னு எப்படிச் சொல்றது?

நீங்க என்ன செய்யலாம்? கேரளா, வளைகுடான்னு நர்ஸ் வேலைக்குப் போனவங்க நிறைய உள்ள மாவட்டம் இது. உங்க வீட்டிலும் ஓர் அக்காவோ சித்தியோ இருக்கலாம். நைட் டியூட்டி முடிஞ்சு வந்தா பகலில் தூங்க விடுங்க. அன்னைக்கு சமையலை நீங்க பாருங்க. 'நீங்க தெய்வம்'னு சொல்றதைவிட, 'சாப்பிட்டீங்களா?'ன்னு கேளுங்க. அழுதா, அழ விடுங்க. நாள்கணக்கில் தூக்கமில்லாம தவிச்சா, அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம்.

அடுத்த அலைக்கு வென்டிலேட்டர் தயாரான்னு கேட்கிறோம். அதன் பக்கத்தில் நிற்கப்போற சிஸ்டருக்கு வேலை நிரந்தரமான்னும் சேர்த்துக் கேட்போம்.